ஆலைக்கு அளந்த நிலமும் ஆளுக்கு அளக்காத நிலமும்

பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் விஸ்தாரமான நீர்ப்பரப்பை இடப்புறத்தில் விட்டுவிட்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போகிற எவரும், இருங்காட்டுக்கோட்டையை நெருங்கும்போது, தொழில் அபிவிருத்தி என்று பொருளாதார நூல்களில் வருணிக்கப்படுவது இன்னதென்று கண்கூடாகக் காணலாம். 1996ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால் ஊன்றி, 1998இல் தன் முதல் சான்ட்ரோ காரை விற்பனைக்கு அனுப்பிய காலந்தொட்டு, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ராமானுஜர் அவதரித்த திருத்தலம் என்ற அளவில் மட்டுமே வெளியூராருக்குத் தெரிந்திருந்த ஒரு சிறு வட்டாரம், கார்களும் லாரிகளும் டயர்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகி உலகெங்கும் செல்லுகிற பெரும் களமாக முப்பது ஆண்டுகளுக்குள் மாறியது சாமானியமான காரியம் அல்ல. அந்தச் சாதனைக்குரிய பெருமையை, மாறி மாறி ஆண்ட அரசுகளில் எதற்கும் குறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை.

ஆனால் ஷிப்ட் மாறுகிற வேளையில் இதே நெடுஞ்சாலையோரம் சற்று நின்று பார்க்கிறவருக்கு வேறொரு காட்சி தென்படும். ஆலை வாசல்களிலிருந்து சாரைசாரையாகக் கம்பெனி பஸ்கள் புறப்படுகின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சாப்பாட்டுப் பையுடன் இளம் ஆண்களும் பெண்களும் அவற்றில் ஏறி, இருக்கையில் அமர்ந்த சில நிமிஷங்களிலேயே தலை சாய்த்து உறங்கிவிடுகிறார்கள். காஞ்சிபுரம், அரக்கோணம், உத்திரமேரூர், செய்யாறு, ஆரணி என்று அந்த வண்டிகள் செல்லுமிடங்கள் நீண்டுகொண்டே போகும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு முந்நூறு வேலைநாட்களில் ஒரு தொழிலாளி 1,200 மணி நேரத்தைப் பிரயாணத்தில் செலவிடுகிறார். அதாவது எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில், கூலியில்லாத 150 ஷிப்டுகள் அவர் சாலையில் உழைக்கிறார். இந்தக் கணக்கை எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் காட்டாது. எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் சொல்லாது.

ஆலைக்கு வேண்டிய நிலத்தை அரசு அளந்து கொடுத்தது; மின்சாரத்தையும் நீரையும் சாலையையும் அதன் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஆலையை இயக்கப்போகும் மனிதன் எங்கே உறங்குவான், எதில் ஏறி வருவான் என்ற இரண்டு கேள்விகளையும் சந்தையின் கையில் ஒப்படைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது. இந்தப் பாகுபாட்டின் விலையைத் தொழிலாளி வாடகையாகவும் நேரமாகவும் செலுத்துகிறார். மிச்சத்தை ஏரியும் காற்றும் செலுத்துகின்றன. வீட்டு வசதி, போக்குவரத்து, நிலப் பயன்பாடு, பருவநிலை என்று நான்கு இலாகாக்களின் பெயரில் நாம் தனித்தனியே பேசுகிற பிரச்சினை இந்த வழித்தடத்தில் உண்மையில் ஒன்றே என்பதும், நிலத்தைப் பற்றிய முடிவு சரியானால்தான் மற்ற மூன்றும் சரியாகும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

முன்னோர் மறக்காத கணக்கு

தொழிலோடு வீட்டையும் சேர்த்து யோசிப்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் எளிய குமாஸ்தாவும் மாம்பலத்திலோ பல்லாவரத்திலோ குறைந்த வாடகைக்குக் குடியிருந்து நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வழி பிறந்தது. ரயில் பாதையை அனுசரித்துப் புறநகர் வளர்ந்தது. ஜனங்கள் நடந்து சென்று ஏறக்கூடிய தூரத்தில் நிலையம் இருந்தது. பெரம்பூரில் பி அண்டு சி ஆலை தன் தொழிலாளருக்குக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தது. 1955இல் அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, அதன் காலனியும் பள்ளிகளும் மருத்துவமனையும் தொழிற்சாலையின் அங்கங்களாகவே கருதப்பட்டன. நெய்வேலியும், திருச்சி பெல் நகரியமும், ஆவடியின் குடியிருப்புகளும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள். அந்த நகரியங்களில் குறைகள் இல்லாமல் இல்லை. நிரந்தர ஊழியருக்குக் கிடைத்த வீடு ஒப்பந்தக் கூலிக்குக் கிடைக்கவில்லை. என்றாலும், உற்பத்தி நடக்குமிடத்தில் மனித வாழ்வும் நடந்தாக வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்துத் திட்டக்காரரின் மனத்தை விட்டு அகலவில்லை.

1971இல் தோற்றுவிக்கப்பட்ட மாநில அரசின் சிப்காட் நிறுவனம், அரசுத் துறை ஆலைகளின் யுகத்திலிருந்து தனியார் முதலீட்டின் யுகத்துக்கு நாம் கடந்துபோன பாலம். நிலத்தைக் கையகப்படுத்தி, சமன்செய்து, மனைகளாகப் பிரித்து, நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது அதன் பணி; அந்தப் பணியை அது திறம்படவே செய்தது. ஆனால் தொழிற்பகுதி என்று வரையப்பட்ட நிலத்தில், காவற்காரர் போன்ற அத்தியாவசியப் பணியாளரின் இருப்பிடம் தவிர வேறு குடியிருப்புக்கு இடமளிக்காத நிலப் பயன்பாட்டு மரபு, பேட்டையின் மதிலுக்குள் வீடு என்ற பேச்சே எழாதபடி செய்துவிட்டது. புகையும் இரைச்சலும் மிகுந்த ஆலைகளிலிருந்து குடும்பங்களைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த விதி நியாயமானதே. எனினும் கைப்பேசி பூட்டும் ஆலைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் ஒரே விதியைப் பிரயோகித்ததன் விளைவாக, ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் பகலிலும் இரவிலும் ஜனங்கள் உழைக்கிற, ஆனால் ஒருவரும் குடியிருக்காத ஒரு விசித்திரமான நிலப்பகுதி உருவாயிற்று.

இதே காலத்தில் அரசு வீடு கட்டாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்காகக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் வீடுகள் அடுக்கடுக்காக எழும்பின. அவை எழுந்த இடம் நகரின் தென்கோடி. தொழிற்சாலைகள் எழுந்த இடமோ மேற்குக் கோடி. வேலை உண்டான இடத்தில் வீட்டைக் கட்டவில்லை. வீட்டைக் கட்டிய இடத்தில் அந்த ஜனங்களுக்குப் பழக்கமான வேலை இல்லை. ஒரே அரசின் இரண்டு வாரியங்கள் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்து ஒரு முறை கலந்து பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அநியாயம் இது.

மனைக்கல் நட்ட வயல்கள்

சந்தை என்ன செய்தது? ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையிலோ, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையிலோ சென்று பாருங்கள். நேற்றுவரை நெல் விளைந்த வயல்களில் மஞ்சள் வர்ணம் அடித்த மனைக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். நுழைவாயிலில் ஒரு தோரண வளைவும் நான்கு வண்ணக் கொடிகளும் பறக்கும். உள்ளே தார்ச்சாலையும் அதன் இருபுறமும் கருவேல முட்செடியும் இருக்கும். வீடு மட்டும் இராது. இந்த மனைகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கே குடிவருவதற்காக வாங்கியவர்கள் அல்லர். பெண்ணின் கலியாணத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ உதவும் என்று சேமிப்பைப் போட்டு வைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்லுவதில் பயனில்லை. மனையை வாங்கிப் பூட்டி வைப்பது லாபகரமாகவும், அதில் வாடகை வீடு கட்டுவது தொல்லையாகவும் இருக்கும்படியாக நம்முடைய வரியும் விதியும் அமைந்திருப்பதுதான் குறை. அங்கீகாரம் பெறாத மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடைசெய்த பிறகும், அதையடுத்து வந்த வரன்முறைத் திட்டம் பழைய மனைகளுக்குச் சட்ட அந்தஸ்து தந்ததே ஒழிய, அவற்றில் வீடு எழவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதையும் உண்டாக்கவில்லை.

ஆகவே, மனைகள் வெறுமையாய்க் கிடக்க, அவற்றுக்கு அப்பாலுள்ள பழைய கிராமத் தெருக்களில், சிமென்ட் ஷீட் வேய்ந்த லைன் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் நாலைந்து பேர். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் உறங்கும் பாயில், பகல் ஷிப்ட் முடித்தவர் மாலையில் படுக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும், திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்களும் ஒரே குழாயடியில் வரிசை நிற்கிறார்கள். வாடகை தலைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. வாடகை ஒப்பந்தங்களைப் பதிய வேண்டும் என்று கூறும் 2017ஆம் ஆண்டின் சட்டம் இந்த அறைகளின் வாசற்படியை மிதித்ததாகத் தெரியவில்லை. நாட்டின் மிகப் பெரிய கார் ஆலைகளுள் ஒன்றைத் தாங்கி நிற்கும் இருங்காட்டுக்கோட்டை நிர்வாகத்தில் நெடுங்காலமாக ஓர் ஊராட்சியாகவே இருந்துவந்தது. கழிவுநீருக்கும் குப்பைக்கும் குடிநீருக்கும், வந்து குவிந்த ஜனத்தொகைக்கு ஈடாகத் திட்டமிடும் அதிகாரமும் ஆட்பலமும் ஓர் ஊராட்சியிடம் எப்படி இருக்க முடியும்?

இந்த அலட்சியத்துக்கு 2021 டிசம்பரில் ஒரு பகிரங்கமான சாட்சி கிடைத்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, அவர்களுடைய தோழியர் ஆயிரக்கணக்கில் பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். விடுதிகள் சில, தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பின்னர் அரசின் பக்கமிருந்தும் ஒரு விடை வந்தது. வல்லம் வடகாலில் 20 ஏக்கர் நிலத்தில் 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டிய, 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி திறந்துவைத்தார்.

இந்த வளாகத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். ஏனெனில் அது இரண்டு உண்மைகளைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்திருக்கிறது. முதலாவது, நிலம் இல்லை என்ற சமாதானம் செல்லாது. ஏக்கருக்கு 900 பேருக்கு மேல் தங்க முடியுமானால், ஆயிரம் ஏக்கர் பேட்டையொன்றில் நூற்றில் இரண்டு பங்கே ஒரு சிறு நகரத்தைத் தாங்கும். இரண்டாவது, பணம் இல்லை என்ற சமாதானமும் செல்லாது. ஒரு படுக்கைக்கு ஆன செலவு ஏறத்தாழ 3.77 லட்சம் ரூபாய்தான். பெருந்தொழிலுக்கு வழங்கப்படும் சலுகைகளோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகை அல்ல.

என்றாலும், படுக்கை வேறு, வீடு வேறு. ஓர் அறையில் ஆறு பேர் என்ற ஏற்பாடு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாதுகாப்பான தொடக்கம். அவள் மணம் புரிந்து குழந்தை பெற்ற பின்பும் வேலையில் தொடர விரும்பினால், அந்த வளாகத்தில் அவளுக்கு இடமில்லை. ஆகையால் அவள் வேலையை விடுகிறாள், அல்லது கணவன் ஊரிலிருந்து நாள்தோறும் மூன்று மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறாள். தவிர, நிறுவனத்தோடு பிணைந்த தங்குமிடம் நிறுவனத்தின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டது. 2006இல் கோலாகலமாகத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, வேலையோடு வாழ்க்கையின் அத்தனை ஏற்பாடுகளும் ஒரே நாளில் கழன்று விழுந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்க முடியாது. முதலாளி யாராக இருந்தாலும், வேலை மாறினாலும், குறைந்த வாடகைக்குக் குடும்பத்தோடு இருக்கத்தக்க பொது வாடகை வீடே இங்குள்ள உண்மையான தேவை.

பாதை வரும் பின்னே, விலை வரும் முன்னே

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் ரயில் பாதை திருவள்ளூர் வழியாக வடக்கே வளைந்து அரக்கோணம் போகிறது. தெற்கே செல்லும் பாதை தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து ஒரு கிளை காஞ்சிபுரத்தைத் தொட்டு அரக்கோணத்தை அடைகிறது. இந்த மாபெரும் வளையத்தின் நட்டநடுவில், பயணி ரயில் எட்டிப் பார்க்காத பிரதேசத்தில்தான் நாம் நம் தொழில்களையெல்லாம் கொண்டுவந்து குவித்திருக்கிறோம். இங்கே பூட்டப்படும் கார்கள் வாலாஜாபாத் நிலையத்தில் ரயிலேறி வடநாடு செல்லுகின்றன. அவற்றைப் பூட்டியவருக்கு ரயில் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை என்ற யோசனை பத்தாண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயின் காகிதங்களில் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. மதுரவாயல் முதல் வாலாஜா வரையிலான நெடுஞ்சாலையோ, அதன் சீர்கேட்டைக் கண்டு, சுங்கக் கட்டணத்தில் பாதியை மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே 2020இல் உத்தரவிடும் நிலைமையில் இருந்தது.

இப்போது ஒரு நல்ல சந்தர்ப்பம் கைகூடி வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ பாதையைப் பரந்தூர் வரை நீட்டுவதென்றும், அதன் முதற்கட்டமாகப் பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டர் அமைப்பதென்றும் யோசனை உருவாகி, 2025இல் மாநில அரசு அதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்திருக்கிறது. மதிப்பீடு சுமார் 8,800 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 315 கோடி. வல்லம் வடகாலின் செலவுக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகும் பணத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் தங்குமிடம் அமைக்கலாம். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லுவதற்காக இதைக் கூறவில்லை; இவ்வளவு பொருட்செலவில் வரும் பாதை யாருக்குப் பயன்படப்போகிறது என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும் என்பதற்காகக் கூறுகிறேன்.

ஏனெனில், பாதை ஒன்று வரப்போகிறது என்ற செய்தியே நிலத்தின் விலையை ஏற்றிவிடும். நிலையம் கட்டி முடிப்பதற்குள் அதைச் சுற்றியுள்ள மனைகள் இரண்டு மூன்று கை மாறிவிடும். லைன் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழும். அந்த வாடகையைக் கொடுக்க முடியாத தொழிலாளி, மெட்ரோ வந்த காரணத்தாலேயே மெட்ரோவிலிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போவார். ஜனங்களின் வரிப்பணத்தால் உண்டாகும் விலையேற்றம் ஜனங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், நிலையங்களைச் சுற்றி நடந்து செல்லும் தூரத்தில் உள்ள நிலத்துக்கான விதியைப் பாதை அமைக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். அங்கே கூடுதல் மாடிகளுக்கு அனுமதி தரலாம், தரவும் வேண்டும். அதற்கு ஈடாக, கட்டப்படும் வீடுகளில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்பட வேண்டும். விலையேற்றத்தில் ஒரு பங்கு பாதையின் செலவுக்குத் திரும்பி வர வேண்டும்.

திட்டமும் நடைமுறையும் எவ்வளவு தூரம் விலகிப் போகக்கூடும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. திருமழிசையில் 311 ஏக்கரில் 12,000 வீடுகள் கொண்ட துணைநகரம் அமைக்கப்படும் என்று 2011இல் முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். இருங்காட்டுக்கோட்டைக்கு அண்மையில், நெடுஞ்சாலையை ஒட்டி, அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அறிவித்தபடி அந்த நகரம் எழவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் கோயம்பேட்டின் காய்கறிச் சந்தைக்குத் தற்காலிகப் புகலிடமாக அமைந்ததே அந்த நிலம் பொதுமக்கள் பார்வைக்கு வந்த சந்தர்ப்பம்.

மின்சாரக் காரும் டீசல் பஸ்ஸும்

பருவநிலையைப் பற்றிய பேச்சு இந்த வழித்தடத்தில் பெரும்பாலும் மின்சார வாகனத்தோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது. 2023இல் மாநில அரசு புதிய மின்வாகனக் கொள்கை வெளியிட்டது, 2025 ஜனவரியில் ஹூண்டாயின் மின்சார கிரெட்டா கார் விற்பனைக்கு வந்தது, இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அந்த மின்சாரக் காரைப் பூட்டுகிறவர் எழுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து டீசல் பஸ்ஸிலோ தன்னந்தனியே மோட்டார் சைக்கிளிலோ வந்து போக வேண்டியிருக்கும்வரை, ஆலையின் வாசலுக்குள் குறைகிற கரி ஆலையின் வாசலுக்கு வெளியே கூடிக்கொண்டே இருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதைவிட மலிவான எரிபொருள் சிக்கனம் எதுவும் கிடையாது. சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டம் மதிக்கத்தக்க முயற்சி. எனினும் அதன் எல்லை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. பெருநகரத்தின் பஸ்களும் லாரிகளும் விடும் புகை அந்த எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

இன்னொரு பக்கம் நீர். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்று சொல்லுவது வழக்கம்; ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், மணிமங்கலம், சோமங்கலம் என்று ஊருக்கு ஓர் ஏரியும், ஏரிக்கு ஏரி கலங்கலும் வரத்துக்கால்வாயுமாக, மழைநீரை நின்று நிதானித்துப் போகச் செய்த ஏற்பாடு அது. வயல் மனையானபோது கால்வாய் சாலையாயிற்று. மண் உறிஞ்சிய நீர், தார்ப்பரப்பிலும் ஆலைக் கூரையிலும் விழுந்து ஒரே மூச்சில் கீழே ஓடலாயிற்று. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. ஆனால் ஏரியின் மதகோடு விசாரணையை முடித்துக்கொள்ளக் கூடாது. ஒரகடம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றின் மேல்பகுதியில்தான் சேருகிறது; அங்கே போட்ட ஒவ்வொரு மனைப்பிரிவின் கணக்கையும் முடிச்சூரும் வரதராஜபுரமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தீர்த்தன. அந்த வெள்ளத்தில் ஹூண்டாய் உள்ளிட்ட ஆலைகளும் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. ஏரியைக் காப்பது தொழிலுக்கு விரோதம் என்று பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் எழுப்பிவரும் குரலிலும், தங்கள் நிலத்தைப் பற்றிய கவலையோடு இந்த நீரைப் பற்றிய கவலையும் கலந்திருக்கிறது.

சிங்கப்பூர் சொல்லும் பாடமும் எச்சரிக்கையும்

நமக்குப் பழக்கமான சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு ஜூரோங் என்ற சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, அந்த யோசனைக்குக் காரணரான நிதியமைச்சர் கோ கெங் சுவியின் பெயரைச் சேர்த்து அது அவருடைய மடமை என்று பரிகசித்தார்கள். ஆலைகள் வந்தன, ஜனங்கள் வந்து குடியேற மறுத்தார்கள். 1968இல் ஜூரோங் நகரியக் கழகம் ஏற்படுத்தப்பட்டு, ஆலை மனையையும் தொழிலாளர் வீட்டையும் ஒரே ஸ்தாபனம் கவனிக்கும்படி செய்யப்பட்டது. பூங்காக்களும் கடைகளும் சேர்ந்தன. 1990இல் நகர ரயில் ஜூரோங்கின் பூன் லே வரை வந்து சேர்ந்தது. பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க அவர்கள் இயற்றிய கடுமையான சட்டத்தை நம்முடைய ஜனநாயகத்தில் அப்படியே பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. ஆனால் ஆலையும் வீடும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்ற நிர்வாகப் பாடத்துக்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை. அதே சிங்கப்பூரில், 2020இல் கொரோனா மிக அதிகமாகப் பரவியது, தமிழர் பலரும் அடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில்தான். குடிமகனுக்கு வீடு, கூலிக்கு விடுதி என்ற பாகுபாடு செல்வ நாட்டிலும் என்ன விளைவிக்கும் என்பதை இது காட்டுகிறது.

நம் வழித்தடத்துக்குத் திரும்பினால், நிறுவனங்களே பஸ் விடும்போது அரசுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். கம்பெனி பஸ் ஷிப்டுக்கு வந்து ஷிப்டுக்குப் போகும். மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் அது போகாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற அருமையான சலுகை, அத்தகைய பேருந்து அடிக்கடி வராத ஒரகடத்துச் சாலையில் நிற்கும் பெண்ணுக்குப் பாதிப் பயனே தரும். வீடு கட்டும் செலவு முதலீட்டாளரை விரட்டிவிடும் என்றும் கேட்பார்கள். நீண்ட பிரயாணத்தால் களைத்து, ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகும் ஆளுக்குப் பதிலாகப் புது ஆளைத் தேடிப் பயிற்றுவிக்கும் செலவைத் தொழிலதிபர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். வல்லம் வடகால் வளாகத்தின் திறப்பு விழாவுக்கு ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ நேரில் வந்ததன் பொருளும் அதுவே.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டு, இந்த வழித்தடம் அதனுள் வந்துவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் பெருந்திட்டத்தில், இதுகாறும் சொன்னவற்றிலிருந்து பிறக்கும் நான்கு காரியங்கள் இடம்பெற வேண்டும். சிப்காட்டின் ஒவ்வொரு பேட்டையிலும், பழையதாயினும் புதியதாயினும், குடும்பங்களுக்கும் தனியாக வாழ்வோருக்கும் ஏற்ற பொது வாடகை வீடுகளுக்கு ஒரு பங்கு நிலம் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். பூந்தமல்லி முதல் சுங்குவார்சத்திரம் வரையிலான மெட்ரோ நிலையங்களின் சுற்றுப்புற நில விதிகள் முதல் தூண் எழுவதற்கு முன் அரசிதழில் வர வேண்டும். ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் ஷிப்ட் நேரங்களை அனுசரித்துப் பொதுப் பேருந்துகளை இந்த வழித்தடத்தில் ஓடச் செய்வதோடு, ஆவடி–கூடுவாஞ்சேரி பாதையில் பயணி ரயிலுக்கு மத்திய அரசிடம் வாதாட வேண்டும். ஏரிகளும் வரத்துக்கால்வாய்களும் வரைபடத்தில் முதலில் குறிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்திலேயே மற்றவை வரையப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மீறியது அல்ல. நான்கு இலாகாக்கள் ஒரு மேஜையில் அமர்ந்தால் செய்து முடிக்கக்கூடியவையே. பெருந்திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுத்து மூலம் தெரிவிக்கச் சட்டம் நமக்கு உரிமை அளித்திருக்கிறது. அந்த உரிமையை மனை வியாபாரிகள் ஒருபோதும் தவறவிடுவதில்லை. தொழிற்சங்கங்களும், ஊராட்சி மன்றங்களும், நெடுஞ்சாலையில் தினமும் நான்கு மணி நேரத்தை இழக்கிறவர்களின் குடும்பங்களும் இம்முறை அதைத் தவறவிடலாகாது.